துடைப்பது கழுவுவது ஆகாது

மார்கழி மாதத்து விடியற்காலையில் பெரம்பலூர் ஜில்லாவின் குன்னத்துத் தெருக்களில் நடந்து செல்பவர் எவரும் ஒரு காட்சியைக் காணாமல் இருக்க முடியாது. வாசல்தோறும் கோலம் இட்டு முடிந்து, கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை ஓய்ந்து, கிழக்கு வெளுக்கத் தொடங்கும் அந்த வேளையில், வீட்டு முன்புறம் நிற்கும் காரின் மேல் இரவெல்லாம் இறங்கிய பனி முத்து முத்தாகப் படிந்திருக்க, அதன் உடையவர் தோளில் கிடக்கும் பழந்துணியை எடுத்துக் கூரையிலிருந்து கதவின் அடி வரையில் வளைத்து வளைத்துத் துடைத்து, கறுத்துப்போன துணியைப் பிழிந்து உதறி, அன்றைய கடமை இனிது முடிந்தது என்ற திருப்தியோடு உள்ளே செல்வார். பனியே தண்ணீராகவும் துணியே சோப்பாகவும் அமைந்துவிட்டபோது நம் ஊர் வண்டிக்கு வேறென்ன வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அந்த எண்ணம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. வாடகைக் கார் ஓட்டுபவரும், பள்ளி ஆசிரியரும், சின்ன வெங்காய வியாபாரியும், மக்காச்சோளம் விற்ற பணத்தை முன்பணமாகக் கட்டிப் பழைய கார் ஒன்றை வாங்கிய விவசாயியும் ஒருமித்து ஏற்றுக்கொண்ட பொது அபிப்பிராயம் அது. இத்தனை நல்லவர்கள் இத்தனை சிரத்தையோடு செய்யும் காரியம் அவர்களுடைய பொருளுக்கே கேடு விளைப்பதைக் கண்டும் வாளாவிருத்தல் தகாது என்பதனாலேயே இதை எழுதுகிறேன்.

எதிர்த் தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு முதலில் சொல்லிவிடுவது நியாயம். பனிக்காலத்தில் காரைக் கழுவிக் காப்பது என்பது பனிக்கட்டி பெய்யும் தேசத்தாருடைய கவலை என்றும், நமக்கு அது பொருந்தாது என்றும் முதலாவதாகச் சொல்வார்கள். நாள்தோறும் துடைத்து வைக்கும் வண்டியே நெடுநாள் உழைக்கும் என்பது இரண்டாவது. அடிக்கடி தண்ணீர் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும், ஆதலால் கழுவுவதைக் குறைப்பதே காப்பு என்பது மூன்றாவது. குடிநீருக்கே குடத்தோடு நிற்கும் கோடையை அறிந்த இந்த ஜில்லாவில் காருக்குத் தண்ணீர் ஊற்றுவது ஆடம்பரம் என்பது நான்காவது. இந்த நான்கையும் முறையே எடுத்துக்கொள்வோம்.

பனிக்காலம் நமக்கு இல்லை என்பது நம் காலக் கணக்கையே அறியாத பேச்சு. ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்த நம் முன்னோர், மார்கழியையும் தையையும் முன்பனி என்றும், மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றும் பனிக்கு மட்டும் இரண்டு பொழுதை ஒதுக்கினார்கள். அது இருக்கட்டும், மேல்நாட்டார் பனிக்காலத்தில் தங்கள் கார்களைப் பற்றி எதற்காகக் கவலைப்படுகிறார்கள் என்பதையேனும் நம்மவர் விசாரித்தார்களா? கனடாவின் டொரொண்டோ நகரத்தில் குடியேறி வாழும் நம் தமிழர்களைக் கேட்டால் சொல்வார்கள்: அங்கே காரை அரிப்பது பனிக்கட்டியன்று, அந்தப் பனிக்கட்டி சாலையில் உறையாமல் இருக்கத் தூவும் உப்பே அரிக்கிறது. சக்கரம் வாரி அடிக்கும் உப்புச் சேறு காரின் அடிப்பாகத்தில் ஒட்டி, பொருத்துவாய்களில் புகுந்து, இரும்பைத் தின்கிறது. அதைக் கழுவி இறக்குவதே அவர்களுடைய பனிக்காலப் பராமரிப்பின் சாரம். இரசாயன மாற்றங்களைக் குளிர் மந்தப்படுத்தும் என்பது சாஸ்திரம் அறிந்த உண்மை. அங்கே உறைகுளிராவது துருவின் வேகத்தைச் சற்றுத் தணிக்கிறது. நம் சமவெளியிலோ மார்கழி இரவிலும் வெப்பம் இருபது டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. பகலில் முப்பதை எட்டுகிறது. ஈரமும் இருந்து இதமான சூடும் இருந்தால் துருவுக்கு அதைவிட நல்ல பருவம் வேறில்லை. ஆகவே குளிர் குறைவு என்பது நமக்குச் சாதகமான வாதமே அன்று.

உப்பு நம் சாலையில் இல்லையே என்பார்கள். சாலையில் தூவுவாரில்லை என்பது மெய். காரில் ஏற்றுவார் இருக்கிறார்கள். பருத்திக்கும் வெங்காயத்துக்கும் மேலுரம் இடும் நாட்களில் யூரியா மூட்டையையும் பொட்டாஷ் மூட்டையையும் டிக்கியில் போட்டுக்கொண்டு போகாத விவசாயி இப்பகுதியில் எத்தனை பேர்? நாம் சாதாரணமாக வாங்கும் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்பு சோடியம் குளோரைடு. இரண்டிலும் இரும்பைக் கெடுக்கும் பகுதி அந்தக் குளோரைடுதான். குளிர்தேசத்துச் சாலைகளில் பனிக்கட்டியை உருக்கத் தூவும் பொருள்களுள் இந்தப் பொட்டாசியம் குளோரைடும் ஒன்று. மூட்டையின் வாயிலிருந்து சிந்திய தூள் டிக்கியின் விரிப்புக்கு அடியில் இறங்கி, பனிக்காலத்து ஈரக் காற்றை உறிஞ்சிக் கசிந்து, அங்கேயே தங்கி, மேலே வர்ணம் பளபளக்கும்போதே கீழே தகட்டைத் துளைக்கிறது. போதாததற்குக் கார்த்திகையும் மார்கழியும் யாத்திரை மாதங்கள். சபரிமலைக்குச் சென்று மலைச் சேற்றோடு திரும்பும் வண்டியும், வேளாங்கண்ணிக் கடற்கரையில் இரவு முழுவதும் உப்புக் காற்றில் நின்று திரும்பும் வண்டியும், ஊர் வந்ததும் மேலே ஒருமுறை துடைக்கப்பட்டு நிழலில் நிறுத்தப்படுகின்றன. உப்பு இல்லாத ஊர் என்று சொல்வதற்கு முன் இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி இரண்டாவது வாதத்துக்கு வருவோம். இதுவே எல்லாவற்றுக்கும் ஆணிவேர். நாள்தோறும் துடைப்பது நல்லது என்று நம்புகிறவர்கள், எதைத் துடைக்கிறோம் என்று ஒரு கணம் ஆலோசித்ததில்லை. குன்னம் சட்டமன்றத் தொகுதி பெரம்பலூர் ஜில்லாவிலும் அரியலூர் ஜில்லாவிலும் பரந்து கிடக்கிறது. இந்தப் பூமி ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட காலத்தில் கடலின் அடித்தளமாக இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்து மடிந்த சிப்பிகளும் நத்தைகளும் கல்லாய்ச் சமைந்து இன்றும் ஓடைக்கரைகளில் கிடைக்கின்றன. அந்தப் படிவத்தின் சுண்ணாம்புக்கல்லை நாடியே அரியலூர்ச் சீமைக்குச் சிமென்ட் ஆலைகள் வந்தன; அந்தக் கல்லையும் சிமென்ட்டையும் சுமக்கும் டிப்பர் லாரிகள் இரவும் பகலும் நம் சாலைகளில் ஓடுகின்றன. பெரம்பலூர்ப் பக்கத்துக் கல்குவாரிகளிலும் கிரஷர்களிலும் கருங்கல் பொடியாகி எம்-சாண்டாகவும் ஜல்லியாகவும் புறப்படுகிறது. தை பிறந்துவிட்டால் சாலைகளே களங்களாகி, மக்காச்சோளமும் தட்டையும் உமியும் அவற்றின்மேல் பரந்து உலர்கின்றன. மழை ஓய்ந்தபின் காய்ந்து உதிரும் கரிசல் மண்ணும் இவற்றோடு சேர்ந்து காற்றில் ஏறி, இரவில் காரின்மேல் இறங்குகிறது. இத்தனையும் சேர்ந்ததே நம் ஊர்த் தூசு.

அதன்மேல் பனி படிகிறது. காற்று அசையாமல் வானம் தெளிந்திருக்கும் இரவில், காரின் கூரை தன் சூட்டை ஆகாயத்தை நோக்கி இழந்து, சூழ்ந்துள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோவதால், காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் துளியாக ஒதுங்குகிறது. ஓலைக் கொட்டகையின் கீழ் நிற்கும் கார் பெரும்பாலும் உலர்ந்தே இருப்பதும், வெட்டவெளியில் நிற்பது நனைவதும் இதனால்தான். இந்தத் துளி பிறக்கும்போது தூயதே. ஆயினும் தூசின்மேல் பிறந்தமையால் அதைக் குழைத்துச் சேறாக்குகிறது; தூசை அடித்துச் செல்லும் அளவுக்கு அதில் நீரும் இல்லை, ஓட்டமும் இல்லை. குழைப்பதற்குப் போதுமான ஈரமும், கழுவுவதற்குப் போதாத ஈரமும் என்று அதை வர்ணிக்கலாம். அந்தச் சேற்றை அழுத்தித் தேய்ப்பதைத்தான் நாம் துடைத்தல் என்று அழைக்கிறோம். மரவேலை செய்யும் ஆசாரி உப்புக் காகிதத்தால் பலகையை இழைக்கும் தொழிலுக்கும் இதற்கும், வேகத்தில் அன்றித் தன்மையில் வேற்றுமை இல்லை.

இது வெறும் உவமை என்று தள்ளிவிட வேண்டாம், அளவைகள் இருக்கின்றன. கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரையில் வரிசைப்படுத்திய மோஸ் என்ற ஜெர்மானியரின் அளவுகோலில் சுண்ணாம்புக்கல்லின் கனிமம் 3. கண்ணாடி ஏறத்தாழ 5½. கருங்கல்லில் உள்ள படிகக்கல் 7. இன்றைய காரின் நிறத்துக்கு மேலே, அதைக் காப்பதற்காகப் பூசப்பட்டிருக்கும் கிளியர் கோட் என்னும் நிறமற்ற படலமோ இவற்றையெல்லாம்விட மிருதுவானது. அதன் கனம் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதனின் தலைமயிர் ஏறக்குறைய 70 மைக்ரான் பருமன் உடையது. மயிரிழையிலும் மெல்லிய ஒரு காப்பைக் கருங்கல் பொடியால் நாள்தோறும் தேய்த்தால் எத்தனை காலம் தாங்கும்? சூரியன் சாயும்போது உங்கள் கருநிறக் காரின் பானெட்டைச் சாய்ந்து பாருங்கள்; சிலந்தி வலைபோல் வட்ட வட்டமாக மின்னும் கோடுகள் தெரியும். அவை முதுமையின் ரேகைகள் அல்ல, துணியின் ரேகைகள். முன்கண்ணாடியின் மேல் தூசும் பனியும் கலந்திருக்கும்போது தண்ணீர் பீய்ச்சாமல் வைப்பரை ஓட்டுபவர்களுக்கும் இதுவே நேர்கிறது. படிகக்கல் கண்ணாடியையும் கீறும் என்பதை மேற்சொன்ன எண்களே காட்டும். சிமென்ட் தூள் படிந்த வண்டிக்கு இன்னும் ஒரு தீமை உண்டு. அது ஈரம் பட்டதும் காரத்தன்மை கொண்டு, வெயில் ஏறியதும் இறுகிப் பற்றிக்கொள்வதால், பின்பு எந்தத் துணிக்கும் இளகுவதில்லை.

அப்படியானால் நம் மூத்த ஓட்டுநர்கள் நாள்தோறும் துடைத்தே அம்பாசிடர் கார்களை இருபது முப்பது ஆண்டுகள் பளபளப்பாக வைத்திருந்தார்களே என்று கேட்பவர் உண்டு. இது மரியாதைக்குரிய கேள்வி. அந்தக் காலத்து வண்டிகளுக்கு நிறமும் மினுக்கமும் ஒரே பூச்சில் கனமாக அமைந்திருந்தன. வெயிலில் வெளிறிய மேற்பரப்பு துணியில் ஒட்டிக்கொண்டு வந்துவிட, கீழிருந்த புதிய நிறம் வெளிப்பட்டுப் பிரகாசித்தது. துடைத்த துணியில் காரின் நிறம் ஏறியிருந்ததை அக்கால ஓட்டுநர்கள் நினைவுகூர்வார்கள். அது வண்டி தேய்ந்து பெற்ற பிரகாசம். தேய்வதற்கு அதனிடம் கனம் இருந்தது. இன்றைய வண்டியில் மேற்படலம் தேய்ந்தால் கீழே நிறம்தான் உண்டு, அதற்கு மினுக்கமும் இல்லை, வெயிலைத் தாங்கும் திராணியும் இல்லை. பொருள் மாறியபின்னும் பழக்கத்தை மாற்றாமல் வைத்திருப்பதைக் குருபக்தி என்று கொள்ள இயலாது. அந்த மூத்தவர்களே இன்றைய பூச்சின் தன்மையை அறிந்திருந்தால் முதலில் துணியைக் கீழே வைத்திருப்பார்கள்.

தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கும் என்ற மூன்றாவது வாதம் பாதி உண்மையைக் கொண்டது. ஆதலால் முழுப் பொய்யைவிட அபாயமானது. இரும்பு துருப்பிடிக்க நீரும் பிராணவாயுவும் வேண்டும். ஓடிச் சென்று உலர்ந்துவிடும் நீர் அதற்குப் போதிய அவகாசம் தருவதில்லை. தங்கி நிற்கும் ஈரமே தருகிறது. கரிசல் மண்ணின் குணத்தை நம் உழவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; மழை நின்று பல நாள் ஆகியும் ஈரத்தை விடாமல் பிடித்துவைத்துப் பருத்தியை வாழவைப்பது அந்த மண். வயலில் வரமாக இருக்கும் அதே குணம் காரின் மட்கார்டுக்குள் சாபமாகிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் சக்கரம் அள்ளி அப்பிய சேறு, தை மாதம் வரையில் அங்கேயே இருந்து, பகலில் காய்வதுபோல் தோன்றி, இரவுப் பனியில் மறுபடியும் நனைந்து, இரும்பின்மேல் ஈரப் பற்றுப் போட்டதுபோல் கிடக்கிறது. கார்க் கதவுகளின் அடிவிளிம்பில், உள்ளே இறங்கும் மழைநீர் வடிவதற்கென்று சிறு துவாரங்கள் உண்டு என்பதைக் கார் வைத்திருக்கும் பத்துப் பேரில் இருவர்கூட அறிந்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவை சேற்றால் அடைபட்டால், கதவின் உள்ளே நீர் தேங்கி, துரு உள்ளிருந்து வெளியே வருகிறது.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. என்னுடைய காரையும் ஆறு பனிக்காலங்கள் துடைத்தே வைத்திருந்தேன். ஊரார் மெச்சும்படி வைத்திருந்தேன். ஏழாம் ஆண்டில் கதவின் அடியில் அம்மைக் கொப்புளம்போல் வர்ணம் எழும்ப, டிங்கர் வேலை செய்பவர் ஒருவர் அந்த இடத்தைத் திருப்புளியால் குத்தியபோது அது உள்ளே இறங்கிவிட்டது. கதவின் உட்பலகையைக் கழற்றியதும் இரண்டு கைப்பிடி கரிசல் மண் அப்படியே பாளமாக விழுந்தது. அந்த மண்ணைக் கையில் வாங்கிப் பார்த்தபோது, அது வெளியே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததை இன்றும் மறக்கவில்லை. மேலே துடைத்த ஒவ்வொரு நாளும் கீழே அது வேலை செய்துகொண்டிருந்தது. தகடு வெட்டி ஒட்டிப் பட்டி வைத்து வர்ணம் அடித்த செலவில் பல ஆண்டுகளுக்கு வண்டியைக் கழுவியிருக்கலாம்.

துருவுக்கு மாற்று என்று சொல்லி வாட்டர் சர்வீஸ் செய்யும் இடங்களில் வண்டியின் அடியில் டீசல் அடிக்கும் வழக்கமும், பனிக்குக் காப்பு என்று தார்ப்பாயால் மூடும் வழக்கமும் ஈரத்துக்கு அஞ்சும் அந்த மூன்றாவது வாதத்தின் கிளைகளே. டீசல் சில நாள் பளபளப்பைத் தரும். ஆயினும் அது புஷ் முதலிய ரப்பர் உறுப்புகளை உப்பவைத்துக் கெடுக்கிறது, புதுத் தூசை ஈர்த்துப் பிசினாக்குகிறது. காற்றுப் புகாத தார்ப்பாயோ கீழேயுள்ள ஈரத்தை வெளியேற விடாமல் அடைத்து, காற்றில் படபடக்கும்போது தனக்கும் வண்டிக்கும் இடையே அகப்பட்ட தூசைக் கொண்டு இரவு முழுவதும் வர்ணத்தைத் தேய்க்கிறது. மூடவேண்டுமாயின், கழுவி உலர்ந்த வண்டியைக் காற்றோடும் துணி உறையால் மூடுக. இல்லையேல் ஓலைக் கொட்டகை ஒன்றே போதும். மரநிழல் பனியைத் தடுக்கும் என்பது மெய்யே. ஆனால் நம் ஊர்களில் மயிலும் காகமும் அடையும் மரத்தின் கீழ் நிறுத்தினால், எச்சத்தின் அமிலம் ஓரிரு வெயில் நாளிலேயே பூச்சில் தழும்பு இட்டுவிடும்.

நான்காவது வாதத்துக்கு நான் தலை வணங்கியே விடை சொல்ல வேண்டும். ஏனெனில் அது சுயநலத்தில் பிறந்ததன்று. தண்ணீரின் அருமையை அறிந்த மண்ணில் அதை வீணாக்கலாகாது என்ற உணர்ச்சி போற்றத்தக்கது. ஆனால் கழுவுதல் என்றவுடன் குழாயைத் திறந்துவிட்டு நிற்பதை ஏன் நினைக்க வேண்டும்? நான்கு வாளி, ஏறத்தாழ அறுபது லிட்டர் தண்ணீர், ஒரு காருக்குத் தாராளம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு நான்கு லிட்டர். தினந்தோறும் கறுத்த துணியை அலசுவதற்குச் செலவாகும் தண்ணீரே அதற்கு ஏறக்குறைய ஈடாகும். மேலும் நமக்குக் குறைவுபடுவது கோடை நீர்; பனிக்காலமோ வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் பெய்து ஓய்ந்த காலம். சுண்ணாம்புப் பாறையூடே ஊறிவரும் நம் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பும் கடினமும் கொண்டு, வர்ணத்தின்மேல் காய்ந்தால் வெண்புள்ளியாகப் படிவது எல்லாரும் அறிந்ததே; மாடியில் விழுந்த மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்திருப்பவருக்கு அந்தக் குறையும் இல்லை. ஒன்றை மட்டும் விலக்க வேண்டும். ஏரி நிரம்பியிருக்கிறதென்று வண்டியை நீர்க்கரையில் இறக்கிக் கழுவி, எண்ணெயையும் சோப்பையும் ஊர்ப் பொதுநீரில் கலப்பது கழுவாமல் இருப்பதைவிடப் பெரிய குற்றம்.

முறை என்ன என்று கேட்பவர்க்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெயில் ஏறுமுன், பனி தூசை ஊறவைத்திருக்கும் அந்த வேளையிலேயே தொடங்குக. பனியால் உண்டான நன்மை அது ஒன்றுதான். முதல் இரண்டு வாளியைக் கை படாமல் ஊற்றுக: ஒன்று கூரையிலிருந்து கீழ்நோக்கி, மற்றொன்று நான்கு சக்கர வளைவுகளுக்குள்ளும் கதவுகளின் அடிவிளிம்பிலும். கதவடித் துவாரங்களை ஈர்க்குச்சியால் திறந்துவிடுக. சக்கரத்தினுள்ளோ இயந்திரத்தின் கீழோ உமியும் தட்டையும் சுற்றியிருந்தால் அதை அன்றே பிடுங்குக. சூடேறிய புகைக்குழாயில் அது தீப்பற்றக்கூடும். மூன்றாவது வாளியில் கார் ஷாம்பு, நான்காவதில் அவ்வப்போது துணியை அலசத் தெளிந்த நீர். மேலிருந்து கீழாக, வட்டம் இடாமல், நேர்க்கோட்டில் கழுவுக. பாத்திரம் தேய்க்கும் சோப்பு வேண்டா. அது வாக்ஸ் பூச்சையும் எடுத்துவிடும். தையல் முடிச்சும் பித்தானும் ஒளிந்திருக்கும் பனியன் வேஸ்ட்டும் வேண்டா. நல்ல மைக்ரோஃபைபர் துணி இரண்டு போதும். உலர்த்தும்போது மட்டும் துடைக்கலாம், ஏனெனில் அப்போது துடைப்பதற்கு மண் இல்லை. ஆயுத பூஜைக்கு முன்னர் ஒருமுறையும் பொங்கலுக்குப்பின் ஒருமுறையும் வாக்ஸ் பூசினால், படியும் தூசு அடுத்த நீரிலேயே வழுக்கி இறங்கும்.

இது செல்வர்களுடைய கவலை என்று எவரும் தள்ளிவிட வேண்டாம். செல்வருக்கு ஐந்தாண்டில் புது வண்டி வரும். மாதத் தவணையில் வாங்கிய காரை வாடகைக்கு ஓட்டிக் குடும்பம் நடத்துபவருக்கும், நள்ளிரவில் பிரசவ வேதனைப்படும் மகளைப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல அந்த ஒரு வண்டியையே நம்பியிருப்பவருக்கும் அதன் ஆயுள் குடும்பத்தின் ஆயுளோடு பின்னியது. அவர்களை நோக்கியே விண்ணப்பித்துக்கொள்கிறேன். நாளை விடியற்காலையில் துணியை எடுப்பதற்கு முன், ஒரு செம்பு தண்ணீரைப் பானெட்டின்மேல் மெல்ல ஊற்றி, வழிந்து வரும் நீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துச் சற்று நேரம் அசையாமல் வையுங்கள். கலங்கல் தெளிந்தபின் அடியில் தங்கும் மண்ணை விரலால் தொட்டு உரசிப் பாருங்கள். இத்தனை நாளும் உங்கள் துணிக்கும் உங்கள் காருக்கும் நடுவே இருந்தது அந்த மண்தான்.